சிரட்டையில் குடித்தவள்

அன்று அங்கே இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கங்காணி மகன். வயது ஒன்பது. எங்களில் பெரியவன் அவன்தான்.

பூசாரி மகன். எட்டு. கங்காணி மகன் என்ன சொன்னாலும் தலையாட்டுவான்.

வேதக்கார வீட்டுப் பிள்ளை. ஆறு. கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சின்னச் சிலுவை போட்டிருந்தாள்.

நான். ஏழு.

என் தங்கச்சி. மூன்றரை.

ஆயம்மா அங்கே இல்லை. எங்களைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவுக்குள் பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள். வேறு பெரியவர்கள் யாரும் இல்லை. எல்லோரும் மலையில் தேயிலைக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தப் பிள்ளைக் காம்பராவில் பால் குடித்தவர்கள் நாம் இன்னும் கொஞ்சம் பேர் இருக்கிறோம். சாவு வீட்டில் பார்க்கிறோம். திருவிழாவில் பார்க்கிறோம். பேச்சு வந்தால் ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்கிறீர்கள். கத்தி கூரையிலிருந்து தவறி விழுந்தது என்று ஒருவர். பிள்ளை ஓடிப்போய்க் கத்தியில் விழுந்தது என்று ஒருவர். அப்படி இல்லை. கத்தியை நான் கொண்டுபோனேன். தங்கச்சியின் உதட்டை நாங்கள் வெட்டினோம். நான் எழுதிப் பழகியவள் இல்லை. தெரிந்த அளவுக்கு எழுதுகிறேன்.

தங்கச்சிக்கு மேல் உதடு பிளந்திருந்தது. இடப் பக்கம், மூக்கு வரை. பிறக்கும்போதே அப்படி. உள்ளே ஈறும் அண்ணமும் பிளவு. பால் குடித்தால் பாதி மூக்கு வழியாக வரும். பேச்சும் மூக்கால்தான். மற்றபடி ஒரு குறையும் இல்லை. கை கால் திடமான பிள்ளை. எதையாவது பிடித்தால் விடமாட்டாள்.

அவள் வயிற்றில் இருந்தபோது பகலில் ஒரு கிரகணம் வந்தது. வெயில் மங்கியது. கோழிகள் கூட்டுக்குத் திரும்பின. எனக்கு அப்போது மூன்று வயது. கோழிகள் மட்டும் ஞாபகம் இருக்கிறது.

வயிற்றுப் பிள்ளைக்காரி கிரகணத்தில் வெளியே வரக் கூடாது. அவள் புருசன் அந்த நேரத்தில் எதையும் வெட்டக் கூடாது. வெட்டினால் அந்த வெட்டு பிள்ளைமேல் விழும். இதை நம் ஆட்கள் எல்லோரும் நம்பினார்கள். உங்கள் வீட்டிலும் நம்பினார்கள்.

எங்கள் அப்பா கவ்வாத்துக்காரர். தேயிலைச் செடி ஓங்கிப் போனால் சில வருசத்துக்கு ஒரு முறை இடுப்புக்குக் கீழே வெட்டிவிடுவார்கள். அதுதான் கவ்வாத்து. வளைந்த கத்தி. ஒரே வெட்டு. சாய்வாக விழ வேண்டும். கிளை பிளக்கக் கூடாது. அப்பா வெட்டினால் பிளக்காது. அந்தத் தோட்டத்தில் அப்படி வெட்ட நாலு பேர்தான் இருந்தார்கள்.

கிரகணத்தன்று காலை, ஆட்களைக் கூட்டி வேலைக்குப் பேர் பதிகிற பெரட்டு முடிந்ததும் அப்பா கங்காணியிடம் லீவு கேட்டார்.

"பெரட்டுல பேர் கொடுத்தாச்சு" என்றாராம் கங்காணி. "தொரை சூரியனப் பாத்தா வேலை கொடுக்கிறாரு? போயி வெட்டு."

அப்பா போய் வெட்டினார்.

தங்கச்சி பிறந்த அன்று அம்மா அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள். அடுப்பு ஊதும் இரும்புக் குழலை எடுத்து அவர் தோளில் அடித்தாள். பிள்ளை பெற்று அரை நாள்கூட ஆகவில்லை. அப்பா திருப்பி அடிக்கவில்லை. அது அந்த ஒரு நாள்தான்.

பிறகு இரண்டு பேரும் அடித்துக்கொண்டார்கள். அம்மாவுக்குக் குழல். அப்பாவுக்கு மிலாறு. கவ்வாத்து வெட்டின குச்சியை விறகுக்குக் கட்டிக்கொண்டு வருவோமே, அது. காய்ந்த மிலாறு பட்டால் தோல் கீறும். பச்சை மிலாறு பட்டால் வீங்கும். லயத்தில் எல்லாம் வரிசையாக ஒட்டு வீடு, இரண்டு காம்பராவுக்கும் நடுச்சுவர் ஒன்றுதான். எங்கள் காம்பராவில் அடித்தால் அடுத்த காம்பராவில் சட்டி ஆடும். யாரும் வந்து கேட்டதில்லை.

"வெட்டுனியே பாவி, வெட்டுனியே" என்பாள் அம்மா.

"வெட்டச் சொன்னவன்கிட்ட போயிக் கேளு" என்பார் அப்பா.

கங்காணியிடம் யார் போய்க் கேட்பது?

அப்பா கவ்வாத்தை விட்டுவிட்டு, மண்ணைக் கிளறிவிடுகிற முள்ளுக் குத்தும் வேலைக்குப் போனார். கத்தியைக் கூரைத் தகரத்துக்குக் கீழே சொருகி வைத்தார். சமைக்கும் புகை அதன்மேல் படிந்துகொண்டே இருந்தது.

பிள்ளைக் காம்பராவின் வாசம் உங்களுக்கு மறந்திருக்காது. புளித்த பால், பினாயில், ஈரக் கம்பளி. விட்டத்தில் வரிசையாகச் சேலைத் தொட்டில். விடிந்ததும் அம்மாமார் பிள்ளைகளை அங்கே போட்டுவிட்டு மலைக்கு ஓடுவார்கள். பத்து மணிக்குப் பால்.

தொட்டில் பிள்ளைகள் போக, கோப்பையில் குடிக்கும் பிள்ளைகள் பத்தொன்பது. இனாமல் கோப்பையும் பத்தொன்பது. வெள்ளை, விளிம்பில் நீலக் கோடு. ஆயம்மா பதினெட்டைத்தான் எடுப்பாள். ஒன்று எப்போதும் பலகைமேல் கவிழ்ந்திருக்கும். தங்கச்சிக்குத் தேங்காய்ச் சிரட்டையில் ஊற்றுவாள். அவள் வாய் வைத்த கோப்பையில் தங்கள் பிள்ளைகள் குடிக்கக் கூடாது என்று அம்மாமார் சொல்லியிருந்தார்கள். எங்கள் அம்மா அதைப் பார்த்தாள். சிரட்டையைத் தேய்த்து வழவழப்பாக்கிக் கொடுத்ததே அம்மாதான்.

ஆயம்மா என்றால் கிழவி என்று நினைக்க வேண்டாம். அவளுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். ஏழாவது வரை படித்தவள். கை நீளம். முட்டியை மடக்கி உச்சந்தலையில் ஒன்று வைத்தால் மதியம் வரை வலிக்கும். நல்லவள்தான்.

அந்தப் பருவத்தில் பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்தது. வாத்தியார் மாற்றலாகிப் போய்விட்டார். அடுத்தவர் மாதம் பிறந்தால் வருவார் என்றார்கள். அதனால்தான் எங்களைப் போலப் பெரிய பிள்ளைகளும் தம்பி தங்கச்சியோடு பிள்ளைக் காம்பரா வாசலில் கிடந்தோம். நான் முதலாம் வகுப்பில் கொஞ்ச நாள் போயிருந்தேன். என்னிடம் ஒரு சிலேட்டு இருந்தது. அதில் என் பெயரை எழுதுவேன். இலையால் அழிப்பேன். திரும்ப எழுதுவேன். அப்போது எனக்கு வேறு ஆசை எதுவும் இல்லை.

கங்காணி சம்சாரத்துக்கு அப்போது ஆறு மாசம். ஒரு நாள் காலை பிள்ளைக் காம்பரா வாசலுக்கு வந்தார். முந்தானையால் முகத்தை மூடியிருந்தார். தங்கச்சி கண்ணில் பட்டுவிடக் கூடாதாம்.

"ஆயா, இந்தக் கிரகணப் புள்ளைய இங்க வைக்காத. என் வயித்துல இருக்கிறதுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா ஒன்னத்தான் கேப்பேன்."

"எங்கக்கா கொண்டுபோயி வைக்கிறது? கூரையிலயா?"

"வாய் பேசாத. அக்காக்காரி சும்மாதான சுத்துறா. அவ வூட்டுல வச்சுப் பாத்துக்கட்டும்."

"அவ பள்ளிக்கூடம் போற புள்ளைங்க."

"போயி? தொரைமாருக்குக் காயிதம் எழுதப் போறாளா?"

இன்னும் மூன்று பெண்கள் அதையே வந்து சொன்னார்கள். ஆயம்மா மாதக் கடைசி வரை தவணை கேட்டாள். அன்று சாயங்காலம் அம்மா என்னைக் கூப்பிட்டாள்.

"இவள அங்க வச்சிருந்தா நீ பள்ளிக்கூடம் போ. வெரட்டிட்டா நீதான் பாத்துக்கணும். நான் மலைக்குப் போகாட்டி நாலு பேரும் பட்டினி. அழுது ஒண்ணும் ஆகப்போறதில்ல."

நான் அழவில்லை. தங்கச்சியின் உதட்டைப் பார்த்தேன். அது மூடிக்கொண்டால் எல்லாம் சரியாகிவிடும்.

பிள்ளைகள் ஒரு விளையாட்டு கண்டுபிடித்திருந்தார்கள். விரலால் மேல் உதட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மூக்கால் பேசுவது. பூசாரி மகன் நன்றாகச் செய்வான். தங்கச்சியும் சிரிப்பாள். தன்னைக் கேலி செய்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியாது. எல்லோரும் தன்னைப் போல ஆகிவிட்டார்கள் என்று சந்தோசம் அவளுக்கு. கை தட்டுவாள்.

ஒரு நாள் நான் சிலேட்டால் பூசாரி மகன் முகத்தில் அடித்தேன். சிலேட்டின் மூலை உடைந்தது. அவன் புருவம் கிழிந்தது. அவன் அம்மா என் தலைமயிரைப் பிடித்துத் தண்ணீர்ப் பீலி வரை இழுத்துக்கொண்டு போனார். முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன. எங்கள் அம்மா ஓடிவந்து முதலில் என்னை அடித்தாள். பிறகு அவரை அடித்தாள். குடம் உருண்டது. சேலை கிழிந்தது. ஒருத்தி காதிலிருந்த தோடு சேற்றில் போனது. கடைசி வரை கிடைக்கவில்லை.

பூசாரி மகனே, நீ இதைப் படிப்பாய் என்று நினைக்கிறேன். புருவத்தில் அந்தக் கோடு இன்னும் இருக்கிறது உனக்கு. நான் மன்னிப்புக் கேட்டதில்லை. இப்போதும் கேட்கவில்லை.

அடுத்த நாள் ஆயம்மா எங்களைக் கூட்டிக்கொண்டு பிள்ளைக் காம்பராவுக்குப் பின்னால் இருந்த மலைக்குப் போனாள். இரண்டு மாதத்துக்கு முன் கவ்வாத்து வெட்டின மலை. செடியெல்லாம் வெறும் கட்டை. கட்டையில் சிவப்பாகச் சின்னத் துளிர். தங்கச்சியைத் தூக்கித் தன் இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"இங்க பாருங்க எல்லாரும். இந்தச் செடி வெட்டுப்பட்டது. அன்னிக்கு எப்படி அசிங்கமா கெடந்துச்சு? இப்பத் துளுக்குது. வெட்டுப்பட்ட செடின்னு யாராச்சும் ஏசுறோமா? மொதக் கொழுந்து எடுக்கையில கும்புட்டுட்டுத்தான எடுக்கிறோம்? இந்தப் புள்ளையும் அப்படித்தான். வயித்துல வெட்டுப்பட்ட புள்ள. இதுவும் ஒரு நாளைக்குத் துளுக்கும். இனி எவனாச்சும் கேலி பண்ணுனா பல்லப் பேத்துருவேன்."

"எப்பத் துளுக்கும் ஆயம்மா?" என்று வேதக்காரப் பிள்ளை கேட்டாள்.

"துளுக்கும்போது துளுக்கும். வாய மூடு."

நல்ல மனசோடுதான் சொன்னாள். கிரகணத்தில் விழுந்த வெட்டு என்று அவளும் நம்பினாள். அதனால் எங்களுக்குப் புரிகிற மாதிரி செடியை வைத்துச் சொன்னாள். எங்களுக்குப் புரிந்தது.

அவள் உள்ளே போன பிறகும் கங்காணி மகன் அங்கேயே நின்றான். ஒரு கட்டையைக் காட்டினான். அதில் ஒரு கிளை நுனியில் பிளந்து காய்ந்து கிடந்தது. துளிர் இல்லை.

"இது ஏன் துளுக்கல தெரியுமா?"

எங்களுக்குத் தெரியவில்லை.

"கெளை பிளந்துருச்சு. பிளந்தா துளுக்காது, காஞ்சிரும். எங்கப்பா பாத்தா பிளவுக்குக் கீழ திருப்பி வெட்டச் சொல்வாரு. சுத்தமா. அப்பத்தான் துளுக்கும்."

தங்கச்சி மண்ணில் உட்கார்ந்து காய்ந்த இலையைக் கிழித்துக்கொண்டிருந்தாள். நாங்கள் நாலு பேரும் அவளைப் பார்த்தோம். யாரும் சிரிக்கவில்லை.

"இவளுக்கும் பிளவுதான்" என்றான்.

"வலிக்காதா?" வேதக்காரப் பிள்ளை.

"செடிக்கு வலிக்குதா?"

பூசாரி மகன் தலையாட்டினான். புருவத்தில் துணிக்கட்டோடு.

"எந்தக் கத்தியில?" என்று கேட்டது நான்தான்.

"வெட்டுன கத்தியிலதான்."

மாதம் முடிய மூன்று நாள் இருந்தது. அடுத்த நாள் காலையில் அம்மாவும் அப்பாவும் மலைக்குப் போன பிறகு விறகு அடுக்கின்மேல் ஏறினேன். கத்தியை இழுத்தேன். கரி கையெல்லாம் ஒட்டியது. நான் நினைத்ததைவிடக் கனம். கம்பளியில் சுருட்டிக்கொண்டு போனேன். வழியில் ஒருவர் "என்னா புள்ள அது?" என்று கேட்டார். "கட்டை" என்றேன்.

கங்காணி மகன் பீலிக் கல்லில் அதைத் தீட்டினான். தீட்டத் தெரிந்தவன். துரு போய் விளிம்பு வெள்ளையானது. பூசாரி மகன் வீட்டிலிருந்து திருநீறு கொண்டுவந்து தங்கச்சி நெற்றியில் பூசினான். வேதக்காரப் பிள்ளை சிலுவையை அவள் வாயில் ஒற்றி, கண்ணை மூடி ஜெபம் பண்ணினாள். நாங்கள் கெட்டது செய்யப் போகவில்லை. அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

நான் அவளை மடியில் வைத்து வலக்கையால் மாரோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். இடக்கையால் தாடையைப் பிடித்தேன். பூசாரி மகன் கால்களைப் பிடித்தான்.

"என்னாக்கா?" என்றாள்.

"ஒண்ணுமில்ல. கண்ண மூடு. ஒனக்கு ஒண்ணு தரப்போறேன்."

மூடினாள்.

"சாய்வா" என்றான் கங்காணி மகன். கவ்வாத்துக்குப் போகும் ஆட்களிடம் அவன் அப்பா சொல்வதுபோலவே சொன்னான். கத்தியை வைத்தான். இரும்பு சில்லென்று பட்டதும் அவள் முகத்தைத் திருப்பினாள். கத்தி உதட்டோரத்தில் நுழைந்து கன்னத்தில் இறங்கி, தாடை வரை போனது.

ஒரு நொடி வெள்ளையாகத் தெரிந்தது. பிறகு இரத்தம்.

அவள் கத்தவில்லை. என் இடது முன்கையைக் கடித்தாள். கடித்தவள் விடவில்லை. என் இரத்தமும் அவள் இரத்தமும் ஒன்றாக ஒழுகியது. நான்தான் கத்தினேன். கங்காணி மகன் கத்தியைப் போட்டுவிட்டு அங்கேயே நின்றான். ஓடவில்லை. வேதக்காரப் பிள்ளை அதே ஜெபத்தை முதலிலிருந்து திரும்பச் சொன்னாள்.

ஆயம்மா அகப்பையோடு ஓடிவந்தாள். பார்த்தாள். கொதிக்கும் பால் அகப்பையால் என் தலையில் ஒன்று போட்டாள். கடித்த வாயைத் திறக்க முடியவில்லை. அகப்பைக் காம்பை உள்ளே விட்டு நெம்பினாள். பிறகு பிள்ளையைத் தன் சேலைக்குள் வைத்து அழுத்திக்கொண்டு மருந்துக் காம்பராவுக்கு ஓடினாள். செருப்பு இல்லை. பாதையெல்லாம் சொட்டு. அடுப்பில் பால் தீய்ந்தது. அன்று யாருக்கும் பால் இல்லை.

தங்கச்சியைக் கொழுந்து லொறியில் ஏற்றி நுவரெலியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அம்மா கூடையோடு மலையிலிருந்து நேராக லொறியில் ஏறினாள். கூடையைக் கழற்ற மறந்துவிட்டாள்.

கங்காணி தன் மகனைப் பெரட்டுக்களத்தில் நிறுத்தி எல்லோர் முன்னாலும் அடித்தார். மிலாறு உடைந்தது. இன்னொன்று எடுத்தார். அதுவும் உடைந்தது. அவன் கையை மறைத்தான். வலக்கை நடுவிரல் மடங்கிப் போனது. பிறகு நிமிரவே இல்லை. "சொன்னது நீங்கதானப்பா, பிளந்தா வெட்டணும்னு சொன்னது நீங்கதானப்பா" என்று கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தான்.

பூசாரி மகனை வேப்பங்குச்சியால் அடித்தார்கள். வேதக்காரப் பிள்ளையை முழங்காலில் நிறுத்தினார்கள்.

அப்பா என்னை அடிக்கவில்லை. கேள்விப்பட்டு வந்தார். கத்தி மண்ணில் கிடந்தது. எடுக்கவில்லை. நேராகக் கங்காணி வீட்டுக்குப் போனார். கங்காணி வெளியே வந்தார்.

"அன்னிக்கு லீவு கேட்டேன்" என்றார் அப்பா.

கழுத்தைப் பிடித்துச் சுவரில் சாத்தினார். முகத்தில் குத்தினார். கங்காணிக்கு முன்பல் இரண்டு போனது. நாலு பேர் அப்பாவை இழுத்துப் போட்டு மிதித்தார்கள். மிதித்தவர்களில் இரண்டு பேர் எங்கள் லயத்து ஆட்கள். விலா எலும்பு உடைந்தது. நான் வாசலில் நின்று பார்த்தேன். கையில் துணி சுற்றியிருந்தேன்.

மூன்றாம் நாள் அப்பா விலாவைத் துணியால் கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். என்னையும் கூட்டிக்கொண்டு போனார். அங்கே ஒரு பெரிய டாக்டர். சிங்கள ஆள். அவர் சொல்லச் சொல்ல நர்ஸ் அம்மா தமிழில் சொன்னார்.

"கன்னத்துல வெட்டுனத தைச்சாச்சு. ஒதடு வேற விசயம். அதை யாரும் வெட்டல. வயித்துல மொகம் சேருற நேரத்துல சில புள்ளைக்கு அந்த எடம் சேராமப் போயிரும். எல்லா ஊர்லயும் பொறக்குது. பெரிய எடத்துப் புள்ளைக்கும் இருக்குது. கண்டிக்கு அனுப்பினா தைப்பாங்க. கைப்புள்ளையிலயே தைச்சிருக்கலாம். ஏன் கொண்டுவரலன்னு கேக்கிறாரு."

அப்பா டாக்டரைப் பார்த்தார்.

"யாரும் வெட்டலீங்களா?"

"இல்லையாம்."

"கிரகணம்..."

நர்ஸ் அம்மா அதைச் சிங்களத்தில் சொன்னார். டாக்டர் தலையை ஆட்டினார். இல்லை என்று.

அப்பா வெளியே வந்து படியில் உட்கார்ந்தார். தன் இரண்டு கையையும் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா அவர் பக்கத்தில் வரவில்லை. பஸ் வந்தது. நானும் அப்பாவும் ஏறினோம்.

மூன்றரை வருசம் குழலாலும் மிலாற்றாலும் அடித்துக்கொண்டது எதற்கு என்று அவர்கள் பேசி நான் கேட்டதில்லை. அதற்குப் பிறகு அம்மா அப்பாவை அடிக்கவில்லை. அப்பா அம்மாவை அடித்தார். பழகிவிட்டது.

தங்கச்சியைக் கண்டிக்கு அனுப்பினார்கள். அம்மாவும் கூடப் போனாள். புது வாத்தியார் வந்தார். பள்ளிக்கூட மணி லயத்துக்குக் கேட்கும். நான் அப்பாவுக்கு ரொட்டி சுட்டேன்.

இதற்குள் கங்காணி சம்சாரத்துக்குப் பிள்ளை பிறந்தது. பொம்பளைப் பிள்ளை. இடது கையில் ஆறு விரல். எல்லோரும் போய்ப் பார்த்தார்கள். அதிர்ஷ்டம் என்றார்கள். லட்சுமி என்றார்கள். சர்க்கரை கொடுத்தார்கள். நானும் வாங்கித் தின்றேன். விரல் கூடினால் அதிர்ஷ்டம். உதடு சேராவிட்டால் கிரகணம். அப்போது எனக்கு ஏழு வயது. அதற்குமேல் யோசிக்கத் தெரியவில்லை. ஆனால் ஏதோ சரியில்லை என்று தெரிந்தது.

இரண்டு மாதம் கழித்துத் தங்கச்சி வந்தாள். உதடு சேர்ந்திருந்தது. ஒரு பக்கம் மேலே இழுத்துக்கொண்டிருந்தது. கன்னத்தில் நீளமாகச் சிவப்புக் கோடு. பேச்சு இன்னும் மூக்கால்தான். அண்ணத்து ஓட்டையை அப்படியே விட்டிருந்தார்கள்.

பிள்ளைக் காம்பராவில் பிள்ளைகள் அவளைப் பார்த்துப் பின்னால் நகர்ந்தார்கள். ஆயம்மா எல்லோரையும் பாயில் உட்கார வைத்தாள். இந்த முறை மலைக்குக் கூட்டிப்போகவில்லை. செடியைக் காட்டவில்லை.

"இந்தப் புள்ளைய வயித்துல யாரும் வெட்டல. நான் சொன்னது பொய்யி. எனக்குத் தெரியாமச் சொல்லிட்டேன். பொறக்கையிலயே ஒதடு சேரல. சில புள்ளைங்களுக்கு அப்படி. இப்ப தைச்சிருக்காங்க. கன்னத்துல இருக்கே, அதுதான் நம்ம வெட்டுனது. பேச்சு மூக்கால வரும். புரியலன்னா திருப்பிக் கேளு. பால் மூக்குல வந்தா தொடைக்கத் துணி குடு. அவ்வளவுதான். கேக்கிறவன் இப்பக் கேளு. எங்கிட்ட இல்ல, அவகிட்ட."

பிள்ளைகள் ஒன்றையொன்று முன்னால் தள்ளிவிட்டன.

"வலிக்குதா?" என்றது ஒன்று.

"ல்ல" என்றாள்.

"தொட்டுப் பாக்கவா?"

கன்னத்தை நீட்டினாள். ஒவ்வொன்றாக வந்து தொட்டன. ஒன்று அழுத்தித் தொட்டது. கையில் ஓர் அறை விட்டாள்.

"ஒனக்கு விசில் அடிக்க வருமா?"

முயன்றாள். காற்றுதான் வந்தது. மற்றவர்களும் முயன்றார்கள். பாதிப் பேருக்கு வரவில்லை. காம்பரா முழுக்கக் காற்றும் எச்சிலும்.

வாசலுக்கு வெளியே கங்காணி மகன் நின்றான். விரல் மடங்கின கையைச் சட்டைக்குள் வைத்திருந்தான். உள்ளே வரவில்லை. தங்கச்சி அவனைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

பத்து மணி ஆனது. ஆயம்மா பால் ஊற்றினாள். பதினெட்டுக் கோப்பை. பிறகு கை பழக்கத்தில் சிரட்டையை எடுத்தது. ஊற்றித் தங்கச்சி முன்னால் வைத்தாள்.

தங்கச்சி சிரட்டையைப் பார்த்தாள். ஆஸ்பத்திரியில் இரண்டு மாதம் கோப்பையில் குடித்தவள். சிரட்டையைக் காலால் தள்ளினாள். பால் பாயில் ஓடியது. எழுந்து போய், கங்காணியின் சின்ன மகன் கையிலிருந்த கோப்பையைப் பிடுங்கினாள். அவன் விடவில்லை. அந்தக் கோப்பையாலேயே அவன் நெற்றியில் ஒன்று வைத்தாள். மிச்சப் பாலை நின்றபடியே குடித்தாள். மூக்கில் கொஞ்சம் வந்தது. புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

பையன் அலறினான். நெற்றி புடைத்தது. ஆயம்மா முட்டியை மடக்கிக் கையை ஓங்கினாள். ஓங்கின கை அப்படியே நின்றது. பிறகு பலகையிலிருந்து கவிழ்ந்த கோப்பையை எடுத்தாள். தூசியை ஊதினாள். கழுவிப் பால் ஊற்றி அந்தப் பையனிடம் கொடுத்தாள். சிரட்டையை அடுப்பில் போட்டாள். வழவழப்பாகத் தேய்த்த சிரட்டை. நன்றாக எரிந்தது.

சாயங்காலம் நாலு அம்மாமார் வந்து ஏசினார்கள். கோப்பையை மாற்றச் சொன்னார்கள்.

"எந்தக் கோப்பைன்னு எனக்கே தெரியல அக்கா" என்றாள் ஆயம்மா. "எல்லாத்தையும் கழுவிக் கலந்துட்டேன். வேணும்னா ஒங்க புள்ளைக்குச் சிரட்டை கொண்டாங்க."

யாரும் கொண்டுவரவில்லை.

அடுத்த நாள் காலை அம்மா என்னைப் பார்த்து, "போ" என்றாள். மூலை உடைந்த சிலேட்டை எடுத்துக்கொண்டு போனேன். மூன்றாம் வகுப்பு வரை போனேன். அதற்குப் பிறகு தம்பி பிறந்தான். அது வேறு கதை. இப்போது எழுதுகிற எழுத்து அந்த மூன்று வகுப்பு எழுத்துதான்.

கங்காணி மகன் போன வருசம் செத்துப் போனான். கடைசி வரை கவ்வாத்துக்குப் போகவில்லை. கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் தராசு பிடித்தான். கங்காணியாகவும் போகவில்லை. தங்கச்சி அவன் சாவுக்கு வந்தாள். பெட்டிக்குப் பக்கத்தில் நின்று அவனுடைய மடங்கின விரலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். என்ன நினைத்தாள் என்று நான் கேட்கவில்லை.

அவள் இப்போது கந்தப்பளையில் மகளோடு இருக்கிறாள். நாற்பது வருசம் கொழுந்து எடுத்தவள். தெரியாதவர்கள் அவள் பேச்சைக் கேட்டு "என்னாங்க?" என்பார்கள். இன்னும் சத்தமாகச் சொல்வாள். அதற்கும் புரியாவிட்டால் ஏசுவாள். ஏசுவது எல்லோருக்கும் புரியும்.

தீபாவளிக்கு பஸ் ஏறி வருவாள். வந்ததும் தேத்தண்ணி குடிக்கமாட்டாள். முதலில் என் இடது முன்கையைப் பிடித்துத் திருப்புவாள். அவள் கடித்த தடம். மேலே இரண்டு, ஈறு பிளந்த இடத்தில் ஓர் இடைவெளி, பிறகு ஒன்று. கீழே நாலு. மொத்தம் ஏழு. அவள் வாயில் அந்தப் பிளவு இப்போது பார்த்தால் தெரியாது. வயதின் சுருக்கம் மூடிவிட்டது. பழைய வாய் என் கையில்தான் இருக்கிறது.

இந்தத் தீபாவளிக்கும் வந்தாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எண்ணினாள்.

"ரெண்டக் காணோமே" என்றாள்.

"தோலு சுருங்கிப் போச்சு. எனக்கு வயசு என்னான்னு நெனைக்கிற?"

"எம் பல்லு அவ்வளவு லேசுல அழியாது. வெளிச்சத்துல காட்டுக்கா."

வாசலுக்கு வந்து கையை நீட்டினேன். ஒவ்வொன்றாக விரல் வைத்துத் திரும்ப எண்ணினாள்.

ஐந்து.